வாயிற்காவலருக்குச் சட்டம் உண்டு, வேலை உறுதி எங்கே?

2023 மே 10 அதிகாலையில் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் வந்தனா தாஸ் குத்திக் கொல்லப்பட்டார். காயமுற்றோரில் ஊர்க்காவல் படையினர் ஒருவரும் இருந்தார். இரண்டே வாரத்தில் திருவனந்தபுரத்திலிருந்து அவசரச் சட்டம் வந்தது. 2012ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவர், செவிலியர், மாணவர், துணை மருத்துவப் பணியாளர் என்ற அளவிலேயே நின்றிருந்தது. வாயிலில் நிற்கும் பாதுகாவலரும் ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் 2023இல்தான் அதன் வரையறைக்குள் நுழைந்தனர். தாக்குதலுக்கு ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. கொடுங்காயம் விளைவித்தால் ஓராண்டு முதல் ஏழாண்டு வரை. 60 நாட்களில் புலனாய்வு முடிய வேண்டும்.

இதை வரவேற்கிறோம். ஆனால் புகாரில் கையெழுத்திடப் போகிறவர் யார்? பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளி. "நாளை முதல் வர வேண்டாம்" என்று சொல்ல ஒப்பந்ததாரருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். அடிபட்ட நாட்களின் கூலி யார் பொறுப்பு என்பதற்கும் விடையில்லை. தண்டனையைக் கூட்டிய சட்டம், வேலை தருபவரின் கடமையைத் தொடவேயில்லை.

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் குமரி மாவட்டத்திலிருந்தும் நம் மக்கள் செல்கிறார்கள். படுக்கை இல்லை, மருத்துவர் போதவில்லை என்ற ஆத்திரம் முதலில் விழுவது வாயிற்காவலர் மீதுதான். "ஒருவர் மட்டும் உள்ளே போகலாம்" என்ற விதியை அவர் இயற்றவில்லை. காவலர்களே ஏழை நோயாளிகளை விரட்டுகிறார்கள் என்ற புகாரில் உண்மை உண்டு, மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் பற்றாக்குறையை உருவாக்கியவர்கள் அந்த வாசலுக்கு வருவதேயில்லை.

கசப்பான ஒன்றையும் நாமே சொல்லிவிட வேண்டும். 2022 ஆகஸ்ட் 31 அன்று கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் பாதுகாவலர்கள் தாக்கப்பட்டனர். குற்றம் சாட்டப்பட்டவர்கள் இடதுசாரி இளைஞர் அமைப்பைச் சேர்ந்தவர்கள். உழைப்பாளியின் மீது ஓங்கிய கைக்குக் கொடியின் நிறம் ஒரு சமாதானமாகாது.

ஒன்றிய அரசோ 2019இல் ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டுப் பின்னர் கைவிட்டது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைப்படுத்திய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலோ, உரிமம் பெற வேண்டிய ஒப்பந்ததாரருக்கான வரம்பு 20 தொழிலாளரிலிருந்து 50 ஆக உயர்த்தப்பட்டுள்ளது. சிறு மருத்துவமனைகளுக்கு ஆள் அனுப்பும் முகவர்களுக்கு இது திறந்த கதவு.

எனவே, தாக்குதல் நடந்தால் புகாரளிக்கும் கடமை மருத்துவமனைத் தலைமைக்கே வேண்டும். சிகிச்சைக் காலத்துக்கு முழு ஊதியம் வேண்டும். புகாரளித்தவரை ஓராண்டுக்கு நீக்கத் தடை வேண்டும். நிரந்தரப் பணிக்கு நிரந்தர நியமனம் வேண்டும். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் சங்கங்கள் இக்கோரிக்கைகளை மருத்துவமனை வாசலிலிருந்தே எழுப்பட்டும்.