ரமணரின் பெயரால் ஒரு பொய்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால், நலம் விசாரிக்க வருபவர்களில் யாரேனும் ஒருவர் ரமணரை இழுக்காமல் எழுவதில்லை. "திருச்சுழியில் பிறந்த மகானுக்கே வந்த நோய். அவர் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகவா அலைந்தார்?" ஆறுதல்போல் ஒலிக்கும் இப்பேச்சு பாதி பொய், நோயாளிக்கு முழுத் தீங்கு.

நடந்தது என்ன? 1949 பிப்ரவரியில் ரமணரின் இடக்கையில் தோன்றிய கட்டி அறுத்து அகற்றப்பட்டது. அது மீண்டும் வளர்ந்தது. மார்ச், ஆகஸ்ட், டிசம்பர் என அவ்வாண்டிலேயே மேலும் மூன்று அறுவைகள். நோய் சார்கோமா என்று கண்டறியப்பட்டது. ரேடியம் சிகிச்சையும் அளிக்கப்பட்டது. பச்சிலையும் ஹோமியோபதியும்கூட முயலப்பட்டன. 1950 ஏப்ரல் 14 அன்று அவர் மறைந்தார். சிகிச்சையை அவர் தாமாகத் தேடவில்லை என்பது மெய். வந்த சிகிச்சையைத் தடுக்கவில்லை என்பதும் மெய். கையையே எடுத்துவிடலாம் என்ற யோசனைக்கு மட்டும் அவர் இசையவில்லை.

அவர் அலையவில்லை, ஏனெனில் சென்னை மருத்துவர்கள் திருவண்ணாமலைக்கு வந்தார்கள். திருச்சுழியின் கூலித் தொழிலாளிக்கு யார் வருகிறார்கள்? கதிர்வீச்சு என்றால் வாரத்தில் ஐந்து நாள், பல வாரங்கள் மதுரைக்குப் பேருந்து. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை மருத்துவமனைச் செலவை ஏற்கும். இழந்த கூலியை ஏற்காது. பாதியில் நின்றுவிடுபவரை வைராக்கியசாலி என்று புகழ்வது, அவரது வறுமைக்குத் துறவு என்று பெயர் சூட்டுவதாகும்.

இதனினும் கொடிது ஒன்று உண்டு. ரமணர் வேண்டாம் என்றபோது, எது வேண்டாம் என்பதை அறிந்தே சொன்னார். நம் வீடுகளிலோ, நோயின் பெயரை மருத்துவர் மகனிடம் வராந்தாவில் சொல்கிறார்; தாயிடம் 'வெறும் கட்டி' என்கிறோம். சொன்னால் மனம் உடைந்துவிடுமாம். புற்றுநோய்ப் பிரிவின் பலகையின்கீழ் வரிசையில் அமர்ந்திருப்பவருக்கு அது தெரியாதா? தெரிந்தும், நமக்காகத் தெரியாததுபோல் இருக்கும் சுமையையும் அவர்மீதே ஏற்றுகிறோம். அறியாதவர் எதற்கு இசைவார், எதை மறுப்பார்?

வலியைப் பற்றியும் சொல்லவேண்டும். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிகளால் மார்ஃபின் கிடைப்பது அரிதாயிற்று. 2014இல் நாடாளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தி, உரிம நடைமுறையை எளிதாக்கியது. முற்றிய நோயின் வலியைத் தணிக்க அம்மாத்திரையைக் கேட்பது நோயாளியின் உரிமை. அதைக் கேட்பவரிடம் ஞானியின் பொறுமையைப் போதிப்பது, பசித்தவனிடம் ஏகாதசி மகிமை பேசுவதற்கு ஒப்பு.

ரமணரிடமிருந்து கற்க விரும்புவோர் அவருடைய பொறுமையை நோயாளியிடம் கேட்கவேண்டாம். அவருக்குக் கிடைத்ததை நோயாளிக்குக் கொடுக்கட்டும். வீடு தேடி வந்த மருத்துவம், மறைக்கப்படாத உண்மை, மதிக்கப்பட்ட மறுப்பு. மூன்றும் கிடைத்த பிறகு, விட்டுவிடுவதா வேண்டாமா என்பதை அவரே சொல்வார்.