ஓடுதே, அப்புறம் என்ன?

இந்த முறை சுவர் இதழுக்குக் கவிதை கேட்டார்கள். எனக்குக் கவிதை வராது. அதனால் அக்காவோடு நான் போட்ட சண்டையை எழுதுகிறேன்.

அக்கா பதினொன்றாம் வகுப்பு, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். பெரியம்மா வீட்டு அண்ணனுக்கு அரசாங்கம் கொடுத்த பழைய லேப்டாப் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் விண்டோஸும் உண்டு, பாஸ் லினக்ஸும் உண்டு. (பாஸ் லினக்ஸ் 2007-ல் சென்னை சி-டாக் வெளியிட்டது. டெபியன் என்ற லினக்ஸை வைத்து உருவாக்கியது.) போன ஞாயிற்றுக்கிழமை அக்கா சி பிளஸ் பிளஸில் மார்க் கூட்டும் புரோகிராம் ஒன்று எழுதினாள். கம்பைல் செய்ததும் திரை முழுக்க வார்னிங். நான் எண்ணிப் பார்த்தேன், பதினாலு. ஆனால் எரர் ஒன்றும் இல்லை. புரோகிராமும் ஓடிவிட்டது.

"பதினாலு வார்னிங் இருக்கே அக்கா" என்றேன்.

"ஓடுதே, அப்புறம் என்ன?" என்றாள்.

கம்பைலர் என்றால் நாம் எழுதுவதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும் மொழிக்கு மாற்றித் தரும் மென்பொருள். எரர் வந்தால் மாற்றாமலே நின்றுவிடும். வார்னிங் வந்தால் மாற்றித் தந்துவிடும், ஆனால் "நீ சொன்னது இதைத்தானா?" என்று ஒரு வார்த்தை கேட்கும்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது சுலபமாகப் புரியும். ஒருமுறை அத்திப்பள்ளியில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது கடலை உருண்டை செய்ய என்னைக் கடைக்கு அனுப்பினார்கள். நான் பெரிய கன்னடக்காரி மாதிரி "கடலே" என்று கேட்டேன். கடைக்காரர், "உருண்டைக்கா இது?" என்று ஒரு மாதிரி பார்த்தார். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். பையைப் பிரித்தால் கொண்டைக்கடலை! கன்னடத்தில் வேர்க்கடலைக்கு "கடலேகாயி" என்று சொல்ல வேண்டுமாம். கடைக்காரர் "இல்லை" என்று சொல்லியிருந்தால் அது எரர். அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, அதுதான் வார்னிங்.

புரோகிராமிலும் இப்படித்தான். ஒரு சமக்குறி போட்டால் "இந்த மதிப்பை வைத்துக்கொள்" என்று அர்த்தம். இரண்டு போட்டால் "இரண்டும் சமமா?" என்ற கேள்வி. கேட்க வேண்டிய இடத்தில் ஒன்றை விட்டுவிட்டால் எரர் வராது, வார்னிங்தான் வரும். அக்காவின் பதினாலில் ஒன்று இதேதான்.

இது சின்ன விஷயம் இல்லை. 2003 நவம்பரில் லினக்ஸ் மூலநிரலின் ஒரு நகலுக்குள் யாரோ புகுந்து இரண்டு வரி சேர்த்துவிட்டார்கள். பார்த்தால் "நீ தலைமைப் பயனரா?" என்று கேட்பது போலத் தெரியும். உண்மையில் ஒரு சமக்குறிதான். கேட்காது, அந்தப் பதவியையே கொடுத்துவிடும்! கம்ப்யூட்டரின் மொத்தச் சாவியும் அவன் கையில். சுற்றி அடைப்புக்குறி போட்டிருந்ததால் கம்பைலரும் "தெரிந்துதான் எழுதியிருக்கிறார்" என்று வார்னிங் தராது. நகல் அசலோடு ஒத்துப்போகாததால் மாட்டிக்கொண்டது, அசலுக்குள் போகவில்லை. யார் செய்தது என்று இன்று வரை வெளியே வரவில்லை. திருடனே வார்னிங்குக்குப் பயந்துதான் அடைப்புக்குறி போட்டிருக்கிறான் என்பது என் எண்ணம். நமக்கு அந்தப் பயம் இல்லை.

அக்கா சும்மா விடுவாளா? "லினக்ஸ்ல மூணு கோடி வரிக்கு மேல இருக்கு. ஒவ்வொரு வார்னிங்கா பார்த்துட்டு இருந்தா எப்போ வேலையை முடிக்கிறது? நல்லா ஓடறதைத் தொட்டா கெட்டும் போகும்" என்றாள்.

அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, மறைக்கக் கூடாது. அதே டெபியனில் 2006-ல் நடந்தது. ஒரு சோதனை மென்பொருள் எச்சரிக்கை காட்டியது என்று, ரகசியச் சாவிகளை உருவாக்கும் பகுதியில் ஒரு வரியை எடுத்துவிட்டார்கள். எச்சரிக்கை போய்விட்டது. கூடவே சாவிகளின் ரகசியமும் போய்விட்டது. எண்ணவே முடியாத அளவு இருக்க வேண்டிய சாவிகள் சுமார் 32 ஆயிரம் வகைக்குள் சுருங்கிவிட்டன. 2008 மே மாதம்தான் இது வெளியே வந்தது. புரியாமல் கை வைத்தால் இந்தக் கதிதான்.

ஆனாலும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. காரணம் எங்கள் மாமா.

மாமா ஓசூர் சிப்காட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தார். பேர் வேண்டாம். அங்கே ஒரு மெஷினில் பஸ்ஸர் காரணமே இல்லாமல் கத்திக்கொண்டே இருக்குமாம். சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். "உற்பத்தி நடக்குது இல்ல, விடு" என்றார்கள். கொஞ்ச நாளில் யாருக்கும் அந்தச் சத்தம் காதிலேயே விழாமல் போனது. ஒருநாள் நைட் ஷிப்டில் உண்மையாகவே காரணம் இருந்து கத்தியது. மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது அவருக்கு வலது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான். பேனா பிடிக்கும்போதெல்லாம் நான் அந்த விரலைப் பார்ப்பேன்.

பதிமூன்று வார்னிங் ஒன்றுமில்லாததாக இருக்கலாம். ஒரு பெயர் வைத்துவிட்டுப் பயன்படுத்தாமல் விட்டது மாதிரி. அவற்றை அப்படியே விட்டால் பதினாலாவதை யார் பார்ப்பார்கள்? சின்னதைச் சரிசெய்வது அந்தச் சின்னதுக்காக இல்லை.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸும் 2021 செப்டம்பரில், வார்னிங் வந்தால் எரர் மாதிரியே நிறுத்திவிட வேண்டும் என்று மாற்றினார். பல பேருக்கு லினக்ஸ் கம்பைலே ஆகவில்லை. ஏனென்றால் ஒவ்வொருவரிடமும் வேறு வேறு கம்பைலர், ஒன்றில் வராத வார்னிங் இன்னொன்றில் வரும். சில நாளிலேயே, சோதித்துப் பார்ப்பவர்களுக்கு மட்டும் கட்டாயம் என்று தளர்த்தினார்கள். எனக்கு இது சரியாகத்தான் படுகிறது. எழுதுகிறவர்கள் பார்க்க வேண்டியதை, வாங்கிப் பயன்படுத்துகிறவர் தலையில் கட்டக் கூடாது.

அக்கா கடைசியில் ஒரு வித்தை காட்டினாள். கம்பைல் செய்யும்போது ஒரு ஆப்ஷன் சேர்த்தால் ஒரு வார்னிங்கும் திரைக்கு வராது. "பாரு, எல்லாம் சரியாயிடுச்சு" என்றாள். மாமா அப்போது திண்ணையில்தான் இருந்தார். "அது பஸ்ஸர் ஒயரைப் புடுங்கற வேலைம்மா" என்றார். அக்கா ஒன்றும் பேசவில்லை. அந்த ஆப்ஷனை எடுத்துவிட்டாள்.

ராத்திரி பத்து மணி வரை இரண்டு பேரும் உட்கார்ந்தோம். பதினாலு வார்னிங் இரண்டாகக் குறைந்தது. அந்த இரண்டும் எதனால் வருகிறது என்று எங்களுக்குப் புரியவில்லை. புரியாததால் தொடவும் இல்லை. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் தெரிந்த ஆசிரியர்கள் யாராவது மதிய இடைவேளையில் பத்து நிமிஷம் கொடுத்தால் கொண்டு வந்து காட்டுகிறேன்.

– 9-ஆம் வகுப்பு மாணவி