மேகத்தில் ஏறிய மஸ்டர் ரோல்

மஸ்டர் ரோலில் கட்டைவிரல் பதித்த காலத்தில் நம்மவர் ஏமாற்றப்படவில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். இருபத்தாறு நாள் உழைத்தவன் கணக்கில் பதினெட்டு நாள் எழுதிய முக்காதம்களை இந்த மும்பை நகரம் நிறையவே கண்டிருக்கிறது. ஆனாலும் அந்தப் பதிவேடு ஒரு பொருளாக மேசைமேல் கிடந்தது. தொழிலாளர் துறை அதிகாரி வந்து "அதை எடு" என்றால் எடுத்துத்தான் ஆகவேண்டும். கிழித்தால் தடயம் தெரியும். திருத்தினால் மை வேறாகத் தெரியும்.

இன்று என்ன நிலை? அந்தேரியிலும் ஐரோலியிலும் அலுவலகக் கட்டடங்களில் காவல் பணிக்கும் துப்புரவுப் பணிக்கும் கேன்டீன் வேலைக்கும் போகிற நம் குடும்பங்களின் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஹாஜ்ரி என்பது கைப்பேசி முன்னே முகத்தைக் காட்டுவது. ஷிப்டு மாறுவது வாட்ஸ்அப் குழுவில். லீவு கேட்பது குழுவில். சூப்பர்வைசர் திட்டுவது, அதுவும் நாற்பது பேர் பார்க்க, அதே குழுவில். "நாளை முதல் வரவேண்டாம்" என்ற ஒரு வரி வருவதும் அங்கேதான். அந்த வரி வந்த மறுநிமிடம் அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். ஹாஜ்ரி ஆப்பும் திறக்க மறுக்கிறது. நான்கு ஆண்டுகள் அங்கே உழைத்ததற்கு அந்த மனிதர் கையில் என்ன இருக்கிறது? பல நேரங்களில் ஒன்றுமே இல்லை.

இந்தக் கணக்கெல்லாம் எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்டால் 'கிளவுடில்' என்கிறார்கள். மேகம் என்று பெயரே தவிர, வானத்தில் ஒன்றும் இல்லை. ஐரோலி, ரபாலே பக்கம் போகிறவர்கள் பெரிய பெரிய டேட்டா சென்டர் கட்டடங்களைப் பார்த்திருப்பார்கள். சென்னையில் சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் இதே போன்றவை உண்டு. உள்ளே அடுக்கடுக்காகக் கணினிகள், அவற்றைக் குளிர்விக்க இயந்திரங்கள், இடைவிடாத மின்சாரம். அவ்வளவுதான் மேகம். அமேசான், மைக்ரோசாப்ட், கூகுள் போன்ற கம்பெனிகள் இந்தக் கணினிகளில் இடத்தை வாடகைக்கு விடுகின்றன. நம் முதலாளி வாடகைதாரர், சாவி வீட்டுக்காரரிடம், உள்ளே பூட்டிக் கிடக்கும் சரக்கோ நம்முடைய உழைப்பின் கணக்கு.

இந்த வாடகை வீட்டில் முதலாளிக்கே பாதுகாப்பு எவ்வளவு என்பதை 2025 ஜூலையில் பார்த்தோம். குஜராத்தின் வாடினாரில் மாபெரும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை நடத்துகிற நயாரா எனர்ஜி கம்பெனியின் மீது ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. ஐரோப்பாவின் தடைக்கு இந்தியாவில் சட்ட வலிமை கிடையாது. ஆனாலும் மைக்ரோசாப்ட் தன் சேவையை நிறுத்திவிட்டது. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட அந்தக் கம்பெனியின் ஊழியர்கள் தங்கள் மின்னஞ்சலையே திறக்க முடியாமல் நின்றார்கள். கம்பெனி டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சில நாட்களில் சேவை திரும்பியது. எண்ணெய் ஆலை வைத்திருப்பவருக்கு வழக்கறிஞர் உண்டு, டில்லி உண்டு. துடைப்பம் பிடிப்பவருக்கு மேகத்தின் கதவு மூடினால் எந்த நீதிமன்றம், எத்தனை நாள்?

நீதிமன்றம் என்று போனாலும் அங்கே முதல் கேள்வி ஆதாரம்தான். ஆண்டுக்கு 240 நாள் வேலை செய்தேன் என்று சொல்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும், அவர் தரும் பிரமாண வாக்குமூலம் மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. 2005இல் வந்த மற்றொரு தீர்ப்பு சிறிது ஆறுதல் தந்தது. தினக்கூலிகளுக்கு நியமனக் கடிதமோ சம்பளச் சீட்டோ கிடைப்பதில்லை என்பதை ஒப்புக்கொண்டு, முதலாளியிடம் இருக்கும் மஸ்டர் ரோலையும் சம்பளப் பதிவேட்டையும் வரவழைக்கும்படி தொழிலாளி கேட்கலாம் என்றது. அந்த வழக்கில் தொழிலாளியைக் காப்பாற்றியது எது தெரியுமா? அவர் வேலை செய்த நாட்களைக் குறித்து ஓர் அதிகாரி எப்போதோ எழுதிக் கொடுத்த சான்றுத்தாள்.

ஒரு தாளின் மதிப்பு மும்பைவாசிகளுக்குப் புதிதன்று. 1982 ஜனவரி 18ஆம் தேதி தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் பேர் இறங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மில்கள் ஒவ்வொன்றாக மூடின. பின்னாளில் மில் தொழிலாளருக்கும் வாரிசுகளுக்கும் வீடு தரும் திட்டம் வந்தபோது, மில்லில் வேலை பார்த்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். அடையாளச் சீட்டோ, இ.எஸ்.ஐ. எண்ணோ, பி.எஃப். எண்ணோ காட்ட வேண்டியிருந்தது. அப்பா தகரப்பெட்டியில் போட்டு வைத்த மஞ்சளேறிய காகிதம் பிள்ளைக்கு வீட்டுக்கான தகுதியைக் கொடுத்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து நம் பேரப்பிள்ளைகள் எந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள்? அதற்குள் அந்த ஒப்பந்தக்காரர் எத்தனை பெயர் மாறியிருப்பார், எத்தனை ஆப் மாற்றியிருப்பார்!

ஊரிலிருப்பவர்களைக் கேட்டாலும் இதே கதைதான். நூறு நாள் வேலைக்கு 2023 ஜனவரி 1 முதல் ஆப் வழியாக வருகைப் பதிவைக் கட்டாயமாக்கினார்கள். நாளைக்கு இரண்டு முறை படம் எடுத்து ஏற்ற வேண்டியிருந்தது. சிக்னல் இல்லையென்றால், படம் ஏறவில்லையென்றால், வெயிலில் மண் வெட்டியவருக்குக் கூலி இல்லாமல் போனது. இதை எதிர்த்து அதே ஆண்டு டில்லி ஜந்தர் மந்தரில் தொழிலாளர்கள் தர்ணா இருந்தார்கள். ஊழலை ஒழிக்க வந்த கருவி என்றார்கள். மேல்மட்டத்தில் ஒழிந்ததா என்பதை வாசகர்களே சொல்லட்டும்.

சட்டம் நமக்கு ஒன்றும் தரவில்லை என்று சொல்வதற்கில்லை. வெளிமாநிலத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் புகைப்படம் ஒட்டிய பாஸ் புத்தகம் தரவேண்டும் என்று 1979ஆம் ஆண்டுச் சட்டமே ஒப்பந்தக்காரருக்குக் கட்டளையிட்டது. அதைக் கண்ணால் கண்டவர் நம்மில் எத்தனை பேர்? 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றில் நமக்குப் பாதகமானவை பல. அவற்றைத் தொழிற்சங்கங்கள் எதிர்த்து வருகின்றன, எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் அதே தொகுப்புகளில் வேலைக்கு எடுப்பவர் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்றும், சம்பளச் சீட்டு கொடுக்க வேண்டும் என்றும், மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் தரவேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. எதிர்க்க வேண்டியதை எதிர்த்துக்கொண்டே, எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குவதில் என்ன தயக்கம்?

முகத்தையும் விரல்ரேகையையும் வாங்கிக்கொள்ள நம் சம்மதம் வேண்டாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை தொடர்பான காரியங்களுக்குத் தனியே சம்மதம் பெறாமலே தரவைப் பயன்படுத்த முதலாளிக்கு வழி விட்டிருக்கிறது. அந்த வாசலை அகலத் திறந்து வைத்தவர்களிடம் அதைக் குறுக்கச் சொல்லி நாம் கேட்டாக வேண்டும்.

இனி, குழுவில் நாம் எழுதுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாடு கிராம வங்கியில் ஊழியரும் தொழிற்சங்கத்தில் ஈடுபட்டவருமான ஒருவர், சக ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகத்தைக் கிண்டல் செய்து எழுதினார். குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை ரத்து செய்தது. ஊழியர்களுக்கு மனக்குறை இருப்பது இயல்பே. அதைத் தங்களுக்குள் புலம்பித் தீர்க்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. நிறுவனத்தின் பெயர் கெடும் நிலை வந்தால்தான் நிர்வாகம் தலையிடலாம் என்பது தீர்ப்பின் சாரம். வரவேற்கத்தக்க தீர்ப்பு. ஆனால் அந்த ஊழியருக்கு நிரந்தர வேலை இருந்தது, பின்னால் சங்கம் இருந்தது. ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்பவருக்குக் குறிப்பாணை எல்லாம் வராது. மறுநாள் கேட்டில் நிறுத்திவிடுவார்கள். ஆகவே சூப்பர்வைசர் இருக்கிற குழுவில் குறை சொல்லி எழுதுவதும், அங்கேயே தொழிலாளர் கூட்டத்துக்கு நாள் குறிப்பதும் புத்திசாலித்தனமன்று. அதற்கு நமக்கென்று தனிக் குழு வேண்டும். அதிலும் ஒருவர் படம் பிடித்து மேலே அனுப்பக்கூடும் என்ற நினைப்போடுதான் எழுத வேண்டும். (காலை வணக்கப் படங்களை எத்தனை வேண்டுமானாலும் அனுப்பலாம், அவற்றை எந்த முதலாளியும் படிப்பதில்லை.)

குழுவில் வந்த உத்தரவுகள் நமக்குச் சாட்சி என்பதையும் மறந்துவிடக் கூடாது. "இன்று இரவு ஷிப்டும் பார்" என்று சூப்பர்வைசர் எழுதியது ஓவர்டைமுக்கு ஆதாரம். குழுவை நடத்துபவர் அதை அழிக்கலாம். சில நாட்களில் தானே மறையும்படியும் வைக்கலாம். எனவே வந்த அன்றே ஸ்கிரீன் ஷாட் எடுத்து வீட்டில் இன்னொரு கைப்பேசிக்கும் அனுப்பி வையுங்கள். செய்தி வந்த கைப்பேசியை வழக்கு முடியும்வரை விற்காதீர்கள். தொழிலாளர் நீதிமன்றம் சாட்சியச் சட்டத்தின் ஒவ்வொரு வரிக்கும் கட்டுப்பட்டதன்று என்றாலும், 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. எந்தக் கருவியிலிருந்து எடுத்தது என்று அதில் சொல்லியாக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பத்து ரூபாய் நோட்டு ஒன்று. தேதி, போன நேரம், வந்த நேரம், இடம், சூப்பர்வைசர் பெயர் ஆகியவற்றை அன்றன்று எழுதுங்கள். எழுதத் தெரியாத அம்மாவுக்குப் பள்ளிக்கூடம் போகும் மகள் எழுதித் தரட்டும். சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கின் பிரதியையும் யு.ஏ.என். எண்ணையும் அதனுடன் வைத்துக்கொள்ளுங்கள். பி.எஃப். பணம் மாதாமாதம் ஏறுகிறதா என்று பாருங்கள். ஒப்பந்தக்காரர் கட்டாமல் ஓடினாலும் மூல முதலாளிக்கு அதில் பொறுப்பு உண்டு. ஆனால் எந்தக் கட்டடத்தில் எந்த மாதம் உழைத்தோம் என்று நாம் காட்டியாக வேண்டும்.

மேகத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளட்டும். ஏழாம் தேதி சம்பளம் தரும்போது, அந்த மாதத்து ஹாஜ்ரிக் கணக்கை அச்சிட்டு, கையெழுத்தும் முத்திரையும் இட்டு ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க வேண்டும். இந்த ஒரு கோரிக்கையை எல்லா ஒப்பந்தக்காரர்களிடமும், அவர்களை அமர்த்தியுள்ள கம்பெனிகளிடமும் இந்த மாதமே எழுத்து மூலம் வைப்போம். மனுவைத் தமிழிலும் மராத்தியிலும் எழுதிக் கொடுக்கச் சங்கம் தயாராக இருக்கிறது. கையெழுத்திட வருகிறவர்கள் தங்கள் ஒப்பந்தக்காரரின் முழுப்பெயரையும், வேலை செய்யும் கட்டடத்தின் முகவரியையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.