பிரான்ஸுக்குத் தோல் அனுப்புவோர் பிரான்ஸை அறிய வேண்டாமா?

அல்லாஹ் மனிதர்களைச் சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது அவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனம் நமக்குக் கற்பிக்கிறது. இவ்வசனத்தை நாம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். ஆனால் நம் வணிகத்தில் அதற்கு என்ன இடம் தந்திருக்கிறோம்?

ஜவ்வாது மலையின் நெல்லிவாசல்நாட்டிலிருந்து கீழே இறங்கினால் திருப்பத்தூர். அதற்கப்பால் வாணியம்பாடியும் ஆம்பூரும். மலையில் விளையும் கடுக்காயும் சமவெளியின் ஆவாரம்பட்டையும் தோல் பதனிடப் பயன்பட்ட காலம் ஒன்று இருந்தது. அம்முறையில் உருவான ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் இன்று புவிசார் குறியீடு பெற்றுள்ளது. இத்தொழிலை வளர்த்தவர்களில் நம் சமுதாயத்தார் முன்னணியில் நின்றனர். இன்று இங்கு தைக்கப்படும் காலணிகள் பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்கின்றன. எனினும், விலையையும் அளவையும் தவிர அந்நாட்டைப் பற்றி நம்மில் பலர் எதையும் விசாரிப்பதில்லை.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். தோலைக் குரோமியம் கொண்டு பதனிடும்போது முறை தவறினால், குரோமியம் 6 என்னும் தீங்கான வடிவம் அதில் உருவாகக்கூடும். அது தோலில் ஒவ்வாமையை ஏற்படுத்தும். ஆகவே, உடலில் படும் தோல்பொருளில் ஒரு கிலோ உலர்எடைக்கு 3 மில்லிகிராமோ அதற்கு மேலோ அது இருந்தால் விற்பனை கூடாது என்னும் விதி 2015 மே முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் நடப்பில் உள்ளது. இதனை வெள்ளையர் நம்மீது சுமத்தும் தொல்லை என்று கருதுவோர் உண்டு. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு வணிகரைக் கண்டித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத் அவ்வாறு கருதலாமா? கண்ணுக்குத் தெரியாத குறையும் குறையே.

அடுத்தது மொழி. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிரான்ஸில் விற்கும் பொருளின் விவரங்களும் பயன்பாட்டுக் குறிப்புகளும் பிரெஞ்சு மொழியில் இருந்தாக வேண்டும். ஆங்கிலம் போதும் என்னும் எண்ணம் அங்கே செல்லாது. யூதர்களுடனான கடிதப் போக்குவரத்துக்காக அவர்களின் எழுத்தைக் கற்குமாறு ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் பணித்ததும், அவர் அரை மாதத்தில் அதனைக் கற்றுத் தேர்ந்ததும் திர்மிதியில் பதிவாகியுள்ளன. நம் தமிழ் முஸ்லிம் முன்னோருக்கும் இது புதிதன்று. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்காலிலிருந்து பலர் சைகோன் சென்று வணிகம் செய்தனர். அந்நகரின் நடுவே தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது.

பழக்கவழக்கங்களையும் அறிய வேண்டும். ‘போன்ஷூர்’ என்று முகமன் கூறாமல் பேச்சைத் தொடங்குவது அங்கே மரியாதைக் குறைவு. நமக்கு ‘நீ’, ‘நீங்கள்’ இருப்பதுபோல அவர்களுக்கு ‘து’, ‘வூ’ உண்டு. புதியவரிடம் ‘வூ’ என்பதே முறை. கூட்டத்தில் அவர்கள் மறுத்து வாதிடுவது பகையன்று. பொருளை ஆராயும் வழி. ஆகஸ்டில் பல நிறுவனங்கள் விடுமுறையில் இருக்கும். ஜூலை இறுதியில் அனுப்பும் மாதிரி செப்டம்பர் வரை காத்திருக்க நேரலாம். ஆகவே தேதி முக்கியம். ஆனால், முடியாது என்று தெரிந்தே ‘இன்ஷா அல்லாஹ்’ என்று கூறித் தவணையைத் தள்ளும் வழக்கம் நம்மிடம் புகுந்துவிட்டது. பணிவுக்காகக் கற்பிக்கப்பட்ட சொல்லை வாக்கு மீறலுக்குத் திரையாக்குவது பெரும் பிழை.

பிரான்ஸ் 1905இல் அரசையும் மதத்தையும் பிரித்த நாடு. பள்ளி மாணவியரின் தலைமறைப்பைத் தடுத்த 2004ஆம் ஆண்டுச் சட்டம் நம் உள்ளத்தை வருத்துகிறது. அதனை நாம் ஏற்கவும் இல்லை. ஆயினும், முதல் உலகப் போரில் உயிர்நீத்த முஸ்லிம் வீரர்களை நினைந்து, 1926இல் பாரிஸில் பெரிய பள்ளிவாசல் திறக்கப்பட்டதும் அதே நாட்டில்தான். ஒரு சட்டத்தைக் கொண்டு ஒரு மக்களை முழுவதும் எடைபோடுவது நீதியாகாது. நம் மார்க்கத்தை மறைக்கவும் வேண்டியதில்லை. மது பரிமாறப்படும் விருந்தில் அமர இயலாது என்பதையும், ஜும்ஆ நேரத்தையும் முன்கூட்டியே பணிவாகத் தெரிவித்தால் போதும். சந்திப்பை வேறு வகையில் அமைத்துக்கொள்ளலாம்.

அறியாமையின் விலையை முதலாளி மட்டும் கொடுப்பதில்லை. சரக்கு திரும்பினால் முதலில் வேலை இழப்பவர் தையல் பிரிவில் அமர்ந்திருக்கும் சகோதரியே. பங்களாதேஷின் ராணா பிளாசா 2013இல் இடிந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டபின், பிரான்ஸ் 2017இல் ஒரு சட்டம் இயற்றியது. அந்நாட்டின் மிகப்பெரிய நிறுவனங்கள், தமக்குப் பொருள் வழங்குவோரிடம் தொழிலாளர் நிலையும் சுற்றுச்சூழலும் எவ்வாறுள்ளன என்பதையும் கண்காணிக்க வேண்டும் என்கிறது அது. நம் வட்டாரத் தோல் ஆலைகளால் பாலாறு கெட்டதை உச்ச நீதிமன்றம் 1996லேயே எடுத்துரைத்துவிட்டது. பிரான்ஸ் இன்று கேட்கும் கேள்வியை நம் மார்க்கம் முன்பே கேட்டிருக்கிறது: உன் இலாபத்தால் உன் அண்டை வீட்டார் துன்புறுகிறாரா?

எனவே, ஒவ்வோர் ஊரின் ஜமாஅத்தும் வணிகர் சங்கமும் சேர்ந்து பிரெஞ்சு மொழி வகுப்பையும், ஏற்றுமதிச் சட்டங்களை விளக்கும் அமர்வுகளையும் தொடங்கலாம். பட்டம் பெற்று வேலை தேடும் நம் பிள்ளைகளுக்கு அதில் ஒரு வழி பிறக்கும். உண்மையும் நம்பிக்கையும் உள்ள வணிகர்களாக நம்மை அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.