உப்பும் ஒரு மீஸான் கல்லும்



பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிச் செல்லும் எந்தத் தாய்க்கும் இரண்டு கவலைகள் இருக்கும். அலை இழுத்துவிடுமோ என்பது ஒன்று. கூத்தும் கும்மாளமுமான இடமாக இருந்துவிடுமோ என்பது மற்றது. இவ்விரண்டும் அதிகம் இல்லாத ஒரு குடாவுக்கு இம்மாதம் உங்களை அழைத்துச் செல்கிறேன்.

சிசிலிக்குத் தெற்கே, மத்தியதரைக் கடலின் நடுவே மோல்டா நாடு இருக்கிறது. அதன் இரண்டாவது பெரிய தீவு கோஸோ. பரப்பளவு 67 சதுர கிலோமீற்றர் மட்டுமே. அத்தீவின் வடகரையில் மர்ஸல்ஃபோர்ன் என்றொரு சிற்றூர். முன்பு மீனவர் குடாவாக இருந்தது; இப்போது கோடை வந்ததும் தீவின் உட்பகுதிக் குடும்பங்களும் மோல்டாக் குடும்பங்களும் வந்து தங்கும் இடம். மணற்பரப்பு மிகச் சிறியது. மத்தியதரைக் கடலில் வற்றுப்பெருக்கு மிகக் குறைவு என்பதால், காலையில் பாய் விரித்த இடத்துக்கு மாலையில் கடல் ஏறி வருவதில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். குடா வடக்கு நோக்கியது. வடகாற்று வீசும் நாளில் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.

இவ்வூரின் பெயரைக் கவனித்தீர்களா? 'மர்ஸா' என்றால் துறைமுகம். ஆம், அறபுச் சொல்தான். சற்றுக் கிழக்கே செம்மணல் நிறைந்த கடற்கரைக்கு 'ரம்லா ஹம்ரா' என்று பெயர். மோல்டா மக்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர். ஆனால் அவர்களது மொழி, அங்கு முஸ்லிம்கள் வாழ்ந்த காலத்து அறபிலிருந்து பிறந்தது. இன்று ரோம எழுத்தில் எழுதப்படுகிறது. உப்புக்கு 'மெல்ஹ்', ரொட்டிக்கு 'ஹொப்ஸ்'. ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ரண்டான்' என்று அறிந்தபோது நான் வியந்துபோனேன்.

குடாவிலிருந்து மேற்கே கரையோரமாகச் சிறிது தூரம் நடந்தால் உப்பளங்கள் வரும். மென்மையான சுண்ணாம்புப் பாறையிலேயே சதுரம் சதுரமாகக் குடைந்த நூற்றுக்கணக்கான தொட்டிகள். கடல் நீரை அவற்றில் நிரப்பி வெயிலில் வற்ற விட்டு, படியும் உப்பைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளுகிறார்கள். சில குடும்பங்கள் இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகின்றன.

இவ்வளவு அமைதியான கரைக்கு ஒரு காலத்தில் மக்கள் அஞ்சினார்கள் என்றால் நம்புவீர்களா? 1551ஆம் ஆண்டில் உதுமானியக் கப்பற்படை கோஸோவைத் தாக்கி, ஏறத்தாழ தீவு மக்கள் அனைவரையும், சுமார் 5000 பேரை, அடிமைகளாக்கிக் கொண்டு சென்றது. பிடித்துச் சென்றவர்கள் முஸ்லிம்கள் என்பதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. மோல்டாவை ஆண்ட சிலுவை வீரர்களின் கப்பல்களும் முஸ்லிம் ஆண்களையும் பெண்களையும் அவ்வாறே பிடித்து வந்தன. நெப்போலியன் 1798இல் வந்த பின்னரே அங்கு அடிமைத்தனம் ஒழிந்தது. இரு கரைகளிலும் தாய்மார் அழுதிருப்பார்கள். 1637 வரை கோஸோ மக்கள் இரவில் குன்றின் மேலுள்ள கோட்டைக்குள்தான் தங்க வேண்டும் என்று சட்டமே இருந்தது. பொழுது சாயும் நேரம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேடேறிய பெண்களை நினைத்துப் பாருங்கள்.

அந்தக் கோட்டை விக்டோரியா நகரில் இருக்கிறது. உள்ளூரார் அதை இன்றும் 'ரபாத்' என்றே அழைக்கிறார்கள். கோட்டைக்குள் உள்ள தொல்பொருள் நூதனசாலையில் ஒரு வெண்சலவைக்கல் உண்டு. கோஸோவில் கிடைத்ததாகக் கூறப்படும் அது, மைமூனா என்ற பெண்ணின் மீஸான் கல். ஹஸன் என்பவரின் மகள். ஹிஜ்ரி 569, ஷஃபான் மாதம், அதாவது 1174ஆம் ஆண்டு மார்ச்சில் மௌத்தானவள். நோர்மன் கிறிஸ்தவர்கள் தீவுகளைக் கைப்பற்றி எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட காலம் அது. அப்போதும் மகளின் கபுறில் கூபி எழுத்தில் திருவசனங்களைப் பொறித்து வைக்க ஒரு குடும்பம் இருந்திருக்கிறது. கல்லின் மறுபுறத்தில் ரோமர் காலத்துச் செதுக்கல். பழைய கல்லைத் திருப்பிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு அங்கிருந்த முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டுவிட்டனர். அவளுக்கு என்ன வயது என்று கல்லில் இல்லை. சிறுமி என்றே பலர் கதை சொல்கிறார்கள்.

மோல்டாவிலிருந்து கோஸோவுக்குப் படகில் சுமார் 25 நிமிடம். சாப்பாட்டைப் பற்றிக் கேட்பீர்கள். முயல் இறைச்சி அவர்களது விசேட உணவு. அறுத்த விதம் தெரியாததால் அதை விட்டுவிடலாம். மீனுக்குக் குறைவில்லை. ஓகஸ்ட் கடைசியிலிருந்து 'லம்புக்கி' என்ற மீன் வரத் தொடங்கும். 'ஜ்பெய்னா' என்ற சிறு வட்டப் பாற்கட்டியும் ரொட்டியும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். வெயில் ஏறுமுன் கோட்டைக்குச் சென்று மைமூனாவைப் பார்த்துவிட்டு, அதன்பின் பஸ்ஸில் கடலுக்கு இறங்குங்கள்.