அழையாமல் வந்த பிரதி

சரித்திரக் காதல் நவீனங்களைப் பற்றி இந்தப் பத்திரிகை பேசப் புகுவது வாசகர்களில் சிலருக்கு வியப்பையும் வேறு சிலருக்கு வருத்தத்தையும் அளிக்கக்கூடும். லட்சக்கணக்கில் விற்பனையாகி, ரயில் பிரயாணத்தில் படித்து முடிக்கப்பட்டு, ஊர் வந்து சேருமுன் மறக்கப்படும் அவ்வகை நூல்களுக்கும், சந்தாதாரர் சிலரது பரிவினால் உயிர் தரித்திருக்கும் ஒரு சிற்றிதழுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் முன்பின் அறியாத ஒருவர் எழுதிய முதல் நாவல் எவ்விதம் அச்சேறுகிறது என்பது, தரபேதங்களைக் கடந்து எழுத்துலகம் முழுவதற்கும் பொதுவான கேள்வி. அக்கேள்விக்கு விடை தேடுவோருக்கு, இலங்கையில் பிறந்து அமெரிக்காவில் எழுத்தாளரான ரோஸ்மேரி ராஜர்ஸின் வரலாறு நல்ல பாடமாக அமைந்திருக்கிறது.

கொழும்புக்குத் தெற்கே கடலோரம் உள்ள பாணந்துறையில், 1932-ஆம் ஆண்டு, ஐரோப்பிய வழித்தோன்றல்களான பறங்கியர் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். தந்தையார் தனியார் பள்ளிக்கூடங்கள் நடத்தி வந்த செல்வந்தர். குழந்தைப் பருவத்திலேயே ஸ்காட், டூமா போன்றோரின் பாணியில் கதைகள் புனையத் தொடங்கிய அப்பெண், குடும்பத்துப் பெண்கள் வேலைக்குப் போகும் வழக்கமில்லாத அந்நாளில், அங்குள்ள பத்திரிகையொன்றில் உத்தியோகம் ஏற்றார். பின்னர் கடல் கடந்து, இரண்டு திருமணங்களும் முறிந்து, கலிபோர்னியாவில் நான்கு குழந்தைகளைத் தனியே வளர்க்கும் பொறுப்பைச் சுமந்தபோது, அவருக்குக் கிடைத்தது சொலானோ மாவட்டப் பூங்கா இலாகாவில் தட்டெழுத்தர் வேலை. ஆண்டுச் சம்பளம் 4,200 டாலர். இலங்கையிலிருந்து உடைமைகளை இழந்து வந்த பெற்றோரும் அவரையே அண்டியிருந்தனர். பகலெல்லாம் பிறர் கடிதங்களைத் தட்டெழுதிய அதே விரல்களால், இளமையில் எழுதி வைத்திருந்த கதையொன்றை இரவுதோறும் எடுத்துத் திருத்தினார். 24 முறை திருப்பி எழுதினார் என்று சொல்வார்கள்.

ஒருவர் எவ்வளவு பிரயாசைப்பட்டு எழுதினாலும், அதை வாங்கிப் படிக்க மறுமுனையில் ஓர் ஆள் இல்லையேல் அது பெட்டியிலேயே கிடந்து பழுப்பேற வேண்டியதுதான். அந்த ஆள் இருக்கும் இடத்தை ராஜர்ஸுக்குக் காட்டியவர், அவரைப் போலவே அறிமுகமற்ற மற்றொரு பெண். விமானப்படை அதிகாரி ஒருவரின் மனைவியான கேத்லீன் வுடிவிஸ், தட்டச்சு செய்தால் ஏறக்குறைய 600 பக்கம் வரும் தம் முதல் நாவலை இலக்கிய முகவர்களுக்கும், கெட்டி அட்டைப் புத்தகங்கள் வெளியிடும் பிரசுரகர்த்தர்களுக்கும் அனுப்பினார். மிகவும் நீளம் என்பதே அவர்கள் சொன்ன குறை. சுருக்கி எழுதுவதற்குப் பதிலாக, அவர் பிரதியை அப்படியே மலிவுப் பதிப்பு நிறுவனமான ஏவனுக்கு அனுப்பினார். அங்கே, கேளாமல் வந்து குவிந்திருந்த பிரதிகளுக்கிடையிலிருந்து அதை உருவியெடுத்து, விடுமுறை நாட்களில் படிக்கலாமென்று கொண்டுபோன நான்சி காஃபி என்ற பதிப்பாசிரியர், படித்து முடிக்கும்வரை கீழே வைக்கவில்லை. 1972-இல் முதற்பதிப்பாகவே 5 லட்சம் பிரதிகள் அச்சிடப்பட்ட அந்நூல், நான்காண்டுகளில் 23 லட்சத்துக்கும் மேல் விற்பனையாயிற்று.

அதைப் படித்த ராஜர்ஸ், தமது பிரதியை அந்நாவலின் பதிப்பாசிரியருக்கு என்றே முகவரியிட்டு ஏவனுக்கு அனுப்பினார். சிபாரிசுக் கடிதம் இல்லை, முகவர் இல்லை, நியூயார்க்கில் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. மாக்சிமிலியன் ஆண்ட காலத்து மெக்சிகோவையும் அமெரிக்க மேற்குப் பிரதேசத்தையும் களமாகக் கொண்ட அக்கதை 1974-இல் வெளிவந்து, பூங்கா இலாகாத் தட்டெழுத்தரை நாடறிந்த நாவலாசிரியராக்கியது.

இதைக் காஃபியின் நல்லெண்ணத்துக்கு மட்டும் உரியதாக்கி, நெகிழ்ந்து நின்றுவிடுவது உண்மையைப் பாதியாக்குவதாகும். அக்காலத்து அமெரிக்க மலிவுப் பதிப்பு நிறுவனங்கள் பெரும்பாலும், கெட்டி அட்டையில் வெளிவந்து ஏற்கெனவே பெயரெடுத்த நூல்களின் மறுபதிப்புரிமையை விலைக்கு வாங்கியே வியாபாரம் நடத்தின. அந்தப் போட்டியில் இருந்த ஏவன், உரிமையின் விலை ஏறிக்கொண்டே போவதைக் கண்டு, வேறெங்கும் அச்சாகாத நூல்களைத் தானே நேரடியாக வெளியிடும் பரீட்சையில் ஈடுபட்டது. அதற்குப் புதிய பிரதிகள் வேண்டியிருந்தன. ஆகவே குவியலைப் படிக்கவும் ஆள் வேண்டியிருந்தது. இப்படி ஒரு பெண்ணின் பிடிவாதமும் ஒரு ஸ்தாபனத்தின் கணக்கும் ஒரு வாசகரின் சிரத்தையும் ஒரே காலத்தில் ஒன்றுகூடியதால் விளைந்ததையே உலகம் அதிர்ஷ்டம் என்று பெயரிட்டு அழைக்கிறது.

அந்நூல்களின் குணாகுணங்களைப் பற்றி எங்கள் அபிப்பிராயத்தை மறைக்க விரும்பவில்லை. நாயகியை நாயகன் பலாத்காரம் செய்வதையும், பின்னர் அவளே அவனைக் காதலிப்பதையும் ஒரே கதையின் இயல்பான வளர்ச்சிபோலச் சித்திரிக்கும் போக்கு இவ்விருவர் எழுத்திலும் உண்டு. பெண்களே எழுதிப் பெண்களே விரும்பிப் படித்தார்கள் என்ற சமாதானம் அதனை ஏற்கத்தக்கதாக்கிவிடாது. ஆனால் நூலின் குறையைக் காரணம் காட்டி, அது வந்த வழியையும் இகழ்வது சரியன்று. அறிமுகமில்லாத தட்டெழுத்தர் ஒருவரின் உறையைப் பிரித்துப் படிக்கும் வழக்கம் உள்ள இடத்தில், நாளை ஓர் உன்னதமான நாவலும் அவ்வழியே வந்து சேரலாம். அவ்வழக்கம் அற்றுப்போன இடத்தில் இரண்டுமே வரமாட்டா.

நம்மிடையே சரித்திரக் காதற்கதை, கல்கி காலந்தொட்டுச் சாண்டில்யன் காலம்வரை, வாரப் பத்திரிகைத் தொடர்கதையாகவே தழைத்தது. தொடர்கதைகளின் அந்தப் பொற்காலம் கடந்துவிட்ட இந்நாளில், முதல் நாவலை எழுதி முடித்தவருக்கு எஞ்சும் வழிகள் சில: தெரிந்தவர் மூலம் பதிப்பாளரை அணுகுதல், பரிசுப் போட்டிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருத்தல், அல்லது அச்சுக்கூலியைத் தாமே கொடுத்து ஐந்நூறு பிரதிகளை வீட்டில் அடுக்கி வைத்தல். அனுப்பிய பிரதிக்கு, வேண்டாம் என்ற ஒற்றை வரிப் பதில்கூட வராமல் மனம் சோர்ந்தவர்கள் எத்தனையோ பேர்.

ஆகவே பதிப்பாளர்களிடம் எங்கள் வேண்டுகோள் இது: கேளாமல் வரும் பிரதிகளைப் படிப்பதற்கென்றே, ரசனையும் நிதானமும் உள்ள ஒருவரையேனும் சம்பளம் கொடுத்து அமர்த்துங்கள், இதைத் தர்மமாகக் கருதாது முதலீடாகக் கருதினாலும் எங்களுக்குச் சம்மதமே. முதல் நாவலாசிரியர்களுக்குச் சொல்ல விரும்புவதும் ஒன்றுண்டு. சிபாரிசு தேடி அலையும் நேரத்தை இன்னொரு முறை திருத்தி எழுதுவதில் செலவிடுங்கள். உங்கள் நாவலை யார் படிக்கத் தகுதியானவர் என்பதை, அவர் வெளியிட்ட புத்தகங்களைப் படித்தே கண்டுபிடியுங்கள். ராஜர்ஸ் செய்தது அவ்வளவே.