அராஜகம் என்பது யாருடைய சொல்? யங்கூன் உணர்த்தும் பாடம்

"அராஜகம்" எனும் சொல்லை எமது பத்திரிகைகள் குழப்பம், கொள்ளை என்ற பொருளிலேயே கையாண்டு வருகின்றன. அச்சொல்லை அதிகம் விரும்புவோர் இராணுவ ஆட்சியாளர்களே. 1988 செப்டெம்பர் 18 அன்று பர்மாவின் ஆட்சியைக் கைப்பற்றிய தளபதிகள், "அரச சட்ட ஒழுங்கு மீளமைப்புச் சபை" என்றே தமது அமைப்புக்குப் பெயர் சூட்டினர். ஒழுங்கைக் குலைத்தவர் யார் என்பதே கேள்வி.

அவ்வாண்டு ஓகஸ்ட் 24 அன்று ரங்கூனில் இராணுவச் சட்டம் நீக்கப்பட்டுப் படைகள் விலகின. ஏறத்தாழ நான்கு வாரங்கள் வட்டாரக் குழுக்களும் பிக்குகளும் மாணவரும் நகரைப் பராமரித்தனர். மூங்கில் தடுப்புகள் எழுந்தன. இரவுக் காவல் நடந்தது. அதே நாட்களில் ஆயிரக்கணக்கான கைதிகள் சிறைகளிலிருந்து வெளியேறினர், கொள்ளைகள் நிகழ்ந்தன, ஒற்றர் எனச் சந்தேகிக்கப்பட்டோரைக் கும்பல்கள் கொன்றன. இதனை மறைப்பது நேர்மையன்று. ஆயினும் ஒழுங்கின் பெயரால் மீண்ட இராணுவமோ பல நூறு பேரைச் சுட்டுக் கொன்றது.

2021 பெப்ரவரி 1 ஆட்சிக் கவிழ்ப்பின் பின்னரும் இதே வழிமுறை கையாளப்பட்டது. பெப்ரவரி 12 அன்று 23,000க்கும் மேற்பட்ட கைதிகள் விடுவிக்கப்பட்டனர். அஞ்சிய யங்கூன் மக்கள் தெருத்தெருவாகக் காவல் குழுக்களை அமைத்தனர். அந்நியர் நுழைந்தால் பானை சட்டிகளைத் தட்டி அயலவரை எழுப்பினர். மறுநாளே, வீட்டில் இரவு தங்கும் விருந்தினரைப் பதிவு செய்யும் பழைய விதியை இராணுவம் மீட்டெடுத்தது. கொழும்பில் பொலிஸ் பதிவுக்காகக் காத்து நின்ற எம்மவருக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. மார்ச் 8 இரவு சஞ்சாவுங் பகுதியில் படையினர் சுற்றிவளைத்த இளைஞர்களுக்கு, அவ்விதியையும் மீறி, முன்பின் அறியாதோர் கதவைத் திறந்தனர்.

1840இல் புரூதோன் தம்மை அராஜகவாதி என அறிவித்தபோதும், 1902இல் குரொப்பொட்கின் பரஸ்பர உதவியைப் பற்றி நூல் வெளியிட்டபோதும் கருதியது குழப்பத்தையன்று. கட்டளையின்றி மனிதர் கூடி வாழும் ஆற்றலையே. சென்னையில் 1887இல் பிறந்த எம்.பி.தி. ஆச்சாரியாவும் அவ்வழி வந்தவரே. பாரதியாரின் "இந்தியா" பத்திரிகையில் பங்குகொண்டு, 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியை அமைத்தவர்களுள் ஒருவராகி, பின்னர் பெர்லினில் அராஜகவாதியாக வாழ்ந்த அகதி அவர்.

புகலிடம் கோரும் எமக்கு ஏதோவோர் அரசின் முத்திரையின்றி வாழ்வில்லை. எனவே அரசே வேண்டாம் என்பதை நாம் இலகுவில் ஏற்றுவிட இயலாது. துப்பாக்கியின் முன் பானைச் சத்தம் போதாது என்பதையும் யங்கூன் காட்டியது. ஆனால், மேலிருந்து அடக்காவிடில் மக்கள் ஒருவரையொருவர் விழுங்கிவிடுவர் என்ற வாதத்தை அந்நகரின் திறந்த கதவுகள் பொய்யாக்கின. "ஒழுங்கு" என்று எவர் முழங்கினாலும், சிறைக்கதவைத் திறந்துவிட்டவர் யார், வீட்டுக்கதவைத் திறந்து காத்தவர் யார் என்று நாம் கேட்டறிதல் வேண்டும்.